உத்தரவு போன கண்கள்

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. எத்தனையோ தலைகளில் கம்பி ஒட்டியவள், அன்று பிற்பகல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கருவியைத் தள்ளிக்கொண்டு போனது சொந்தப் புருஷனுக்காக. விபத்துக்குப் பிறகு அவன் கண்கள் வெறுமனே திறந்து கிடந்தன. இந்தப் பதிவிலும் ஒன்றும் தெரியாவிட்டால் மூச்சுக் கருவியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுது தீர்த்தாயிற்று. அவளுக்கு மனசு மரத்துப் போயிருந்தது.

மருந்து வாடை. மூச்சுக் கருவியின் உஸ்ஸென்ற சத்தம்.

கால்மாட்டில் நின்ற நாத்தனார் மெல்லக் கேட்டாள். "ஏதாவது தெரியுதா அண்ணி?"

"திரையில கோடு தட்டையாத்தான் போகுது."

அப்போது அவன் கண்மணிகள் ஜன்னல் பக்கம் திரும்பின.

கோடு அசையவில்லை.

கண்ணைத் திருப்ப நினைத்தாலே முதலில் மூளையின் தாளம் மாறும். பிறகுதான் கண் நகரும். உத்தரவே போகாமல் கண் எப்படி நகரும்?

கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். சந்தேகம் வந்தால் இந்த வேலையில் இருப்பவர்கள் கம்பியைத் தங்கள் தலையிலேயே ஒட்டிப் பார்ப்பது வழக்கம். அவளும் அவனிடமிருந்து கழற்றி, பசை தடவி, தன் தலையில் ஒட்டிக்கொண்டாள். அலைகள் ஜம்மென்று வந்தன.

"அண்ணி," நாத்தனார் கிசுகிசுத்தாள். "அண்ணன் கதவைப் பார்க்குறான்."

டாக்டர் வருகிறாரா என்று கதவைப் பார்க்க நினைத்தது அவள்தான். திரையில் அவளுடைய தாளம் மாறியிருந்தது. உத்தரவு போய்விட்டது. ஆனால் அவள் கண்கள் திரையை விட்டு இம்மியும் நகரவில்லை.

அவனுடையவை நகர்ந்திருந்தன.

"நினைவு வந்துடுச்சுல்ல அண்ணி? மெஷினை எடுக்க வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடவா?"

பார்த்தது அவனில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அவன் போய்விடுவான்.

"சொல்லிடு," என்றாள்.

நாத்தனார் ஓடினாள்.

தாங்க முடியாமல் அவள் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள்.

கட்டிலில் அவன் இமைகள் மெதுவாக மூடின.

அவளுடையவை மூடவில்லை. எரிந்தன, நீர் வழிந்தது. பிறகு அவள் நினைக்காமலேயே, வேறு யாரோ உத்தரவிட்டது போல அவை திரும்பின. கட்டிலில் கிடந்த உடம்பைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தன. தொண்டைக்குள் போகும் குழாயைப் பார்த்தன. குழாயைப் பிடித்துக்கொண்டே போய், மூச்சுக் கருவியின் சுவிட்சில் நின்றன.

அங்கிருந்து அவளால் பார்வையை எடுக்கவே முடியவில்லை.