வாசலில் யார் வண்டி

"வாசல்ல உறுமிக்கிட்டு நிக்குதே, யார் வண்டிடி அது?"

மாமியார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பார்வை போனதிலிருந்து அவளுக்குக் காதுதான் கண். மருமகள் அடுப்பைத் தணித்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரரோடது அத்தை."

"அவனுக்கு ஏது வண்டி? சைக்கிள் மிதிக்கவே மூச்சு வாங்குவான்."

மருமகள் வாசலை எட்டிப் பார்த்தாள். வாசலில் நின்றது கணவனின் வேன்தான். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அதே வேன். என்ஜின் மட்டும் வேறு. பழையது ஆயிலைக் குடித்தது, புகை கக்கியது, கடைசியில் பிள்ளைகளோடு நடுமேட்டில் நின்றுவிட்டது. மெக்கானிக் வேறொரு வண்டியில் ஓடிய என்ஜினை மலிவாகப் பிடித்து மாட்டிக் கொடுத்தார்.

ஆனால் பழையது, இறந்துபோன மாமனார் தன் கையால் பூட்டியது. "நான் இருக்கறவரைக்கும் அதை மாத்தாதே" என்று மாமியார் மகனிடம் வாக்கு வாங்கியிருந்தாள். "சொல்லாதீங்க, உடைஞ்சு போயிடுவாங்க. கேட்டா நான் பாத்துக்கறேன்" என்று மருமகள்தான் பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, என் பிள்ளை வண்டி எங்கே? ஒரு வாரமா அந்தச் சத்தத்தையே காணோம்."

"தெருமுனையில நிறுத்திட்டு நடந்து வர்றார் அத்தை..."

"நேத்து கேட்டா மெக்கானிக் கடையில இருக்குன்னே. அதுக்கு முன்னாடி கேட்டா பெயிண்ட் அடிக்கிறாங்கன்னே. எனக்குக் கண்ணுதான் போச்சு, புத்தி போகலை. வித்துட்டீங்களா?"

எந்தப் பொய்யை என்றைக்குச் சொன்னோம் என்று மருமகளுக்கே குழம்பியது. உண்மையைச் சொன்னால் வாக்கை மீறிய பழி கணவன் தலையில் விழும்.

"ஆமா அத்தை... நான்தான் விக்கச் சொன்னேன்."

மாமியார் கட்டிலை விட்டு எழுந்தாள். "என் மகளுக்குப் போன் போடு. வந்து கூட்டிட்டுப் போகட்டும். இனி உன் கையால ஒரு வாய் தண்ணி..."

"அம்மா, யார் எதை வித்தா?"

தண்ணீர் பாட்டில் எடுக்க வந்த கணவன் நிலைப்படியில் நின்றான். மனைவி வேண்டாமென்று தலையசைத்தாள். அவன் கேட்கவில்லை. அம்மாவைக் கைப்பிடித்து வேனுக்கு அழைத்துப்போய் சீட்டில் உட்கார வைத்தான்.

மாமியாரின் விரல்கள் சீட் உறையின் தடித்த தையலில் நின்றன. பார்வை இருந்தபோது அவளே தைத்தது.

"நம்ம வண்டிடா இது."

"நம்மளதுதாம்மா. என்ஜின்தான் மாத்தினது. அப்பா ஞாபகமா வச்சிருக்கே, சொன்னா தாங்கமாட்டேன்னு இவதான்..."

"அவர் ஞாபகத்துக்கு என்ஜின் எதுக்குடா? அந்த மனுஷன் குறட்டையே இன்னும் காதுல இருக்கு." குரல் இறங்கியது. "நீ முனை திரும்பறப்பவே அந்தச் சத்தம் கேக்கும். பத்திரமா வந்துட்டேன்னு அப்பத்தான் எனக்கு மூச்சு வரும். இப்ப நீ உள்ள வந்து அம்மான்னு கூப்பிடறவரைக்கும் வயித்துல நெருப்பு..."

பின்னாலேயே வந்த மருமகள் விசும்பினாள். "இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை?"

"நீ சொன்னியாடி? தினமும் உன்கிட்டதானே கேட்டேன்." மாமியார் துழாவி அவள் முகத்தைப் பிடித்தாள். கை ஈரமானது. "விக்காததை வித்தேன்னு பழி ஏத்துக்கிட்டியே... யாரைக் காப்பாத்த? அவனையா, என்னையா?"

"தெரியலை அத்தை. ஒண்ணுமே புரியலை."

"எனக்கும்தான். வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இனி முனை திரும்பறப்ப ரெண்டு தடவை ஹாரன் அடிக்கறேம்மா" என்றான் மகன்.

அன்று சாயங்காலம் தெருமுனையில் அந்நியமாக ஓர் உறுமல். மாமியார் மருமகளின் கையைப் பற்றினாள்.

"யார் வண்டிடி?"

"நம்மளது அத்தை."

"நீ சொன்னா நம்பமாட்டேன்."

ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. மாமியார் மூச்சு விட்டாள். கையை விடவில்லை.