அண்ணி தெரிவு செய்த சைரன்

ஆள் அசைந்தால் மட்டும் எரிய வேண்டிய சின்னச் சிவப்பு விளக்கு, ஆளில்லாத முன்னறையைப் பார்த்து எரிந்தது.

தினேஸ் வாசற்படியில் நின்றபடி அதைப் பார்த்தான். சுவர் மூலையில் சென்சரை மாட்டி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தான். உள்ளே ஒரு அலுமாரி, இரண்டு கதிரை, மாலை போட்ட அண்ணன் படம், அதன் முன்னால் பதினாறாம் நாள் முடியும்வரை அணையக்கூடாத விளக்கு. அவ்வளவுதான். மஹய்யாவ மேட்டு வீடுகளில் பின்னேரம் ஆனாலே பனி வந்து ஜன்னலை மூடிவிடும். அந்த மங்கலில் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் எரிந்தது. அலுமாரிக்கும் கதவுக்கும் நடுவில் யாரோ மெதுவாக நடந்து போய்த் திரும்பி வருவது மாதிரி இருந்தது.

"விளக்குச் சூடு அண்ணி," என்றான், பக்கத்தில் நின்ற நிலூஷாவிடம். "இது உடம்புச் சூட்ட வச்சுத்தான் ஆளப் புடிக்கும். முன்னுக்கு நெருப்பு இருந்தா ஏமாந்துரும்."

அவள் உள்ளே போய், சுடரைக் கையால் மறைத்தபடி விளக்கைத் தூக்கிக் கொண்டுபோய்க் குசினி அடுப்படியில் வைத்துவிட்டு, திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிவப்பு விளக்கு மறுபடியும் எரிந்தது.

"புதுசுதானே. கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் காட்டும்," என்றான் தினேஸ். பொய் சொல்வதில் இப்போதெல்லாம் அவனுக்கு நல்ல தேர்ச்சி.

அந்தச் சாமானைத் தெரிவு செய்தவள் அவள்தான். புருஷன் செத்துப் பதினாறு முடியுமுன் கடைத்தெருவுக்குப் போகிறாளே என்று புசல்லாவையிலிருந்து வந்திருந்த அங்கம்மா அத்தை முனகியதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறிவிட்டாள். மடவளை முஹைதீன் நானாவின் எலக்ட்ரிக் கடை. அவர் கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார்.

"இது கதவு ஜன்னலுக்கு மட்டும். ரெண்டு காந்தத் துண்டு. கதவு தொறந்தா ரெண்டும் வெலகும், சைரன் அடிக்கும். மத்ததுல அதுவும் ஈக்கி, உள்ளுக்க ஆள் நடமாடினாப் புடிக்கிற சாமானும் ஈக்கி. ஆள் வெச்சு மாட்டத் தேவயில்ல, தம்பியே செய்யலாம். கூடுதலா எல்லாரும் மொதல் பெட்டியத்தான் எடுக்கிற."

"அதுவே போதும் அண்ணி," என்று தினேஸ் கையை நீட்டினான்.

"வர்றவன மட்டும் புடிச்சு எனக்கு என்ன ஆகப்போவுது," என்றாள் அவள், நானாவைப் பார்த்து. "உள்ளுக்கு இருக்கிறவனயும் புடிக்கிறது குடுங்க நானா. சத்தம் ஊருக்கே கேக்கணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். 

வேலை ஒன்றும் பெரிதில்லை. கதவு நிலையில் ஒரு காந்தம், கதவில் ஒன்று. சைரன் பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்துக் கரண்ட் கொடுத்து, கரண்ட் போனாலும் அடிக்கட்டும் என்று பெட்டரியும் போட்டான். ரிமோட்டை அண்ணி வாங்கித் தாலி இல்லாத கழுத்தில் கறுப்பு நூலில் கட்டிக்கொண்டாள். ஒரு ஜோடிக் காந்தம் மிச்சமிருந்தது. அதைக் கையில் எடுத்த தினேஸ், யாரையும் கேட்காமல் நேரே குசினிக்குப் போய், பின்கதவுக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஜன்னலில் ஒட்ட ஆரம்பித்தான்.

"அந்த ஜன்னலுக்கா தம்பி?"

"இதுக்குள்ளாலதானே அண்ணி கம்பிய விட்டுக் கொண்டியத் தூக்கியிருக்கான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். முன்கதவு திறந்து கிடந்தது, கள்ளன் அதால் வந்தான் என்றுதான் பொலிஸ் சொல்லியிருந்தது. அந்த ஜன்னலைப் பற்றி எவரும் பேச்சே எடுக்கவில்லை. கம்பியால் கொண்டியைத் தூக்கும் வித்தை, சின்ன வயதில் பிந்தி வந்து அப்பாவுக்குப் பயந்து பின்கதவைத் திறந்த இரண்டு பையன்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவன் அவன். மற்றவன் படத்தில் மாலையோடு இருந்தான்.

"ஓ," என்றாள் நிலூஷா. வெங்காயம் வெட்டப் போய்விட்டாள். அவள் கத்தி பலகையில் படும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. 

அண்ணன் செத்த அந்த வெள்ளிக்கிழமை அண்ணனும் அண்ணியும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அண்ணியின் நகை அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். கட்டாருக்கு வேலைக்குப் போகிற பைத்தியம் தலைக்கேறிய மனுசனுக்கு அது போதும். அண்ணன் லெட்சுமணன் தலையிடி என்று பாதிப் பூசையில் எழும்பி வருவான் என்று யார் கண்டது? நெற்றியில் தைலம் மணக்க முன்கதவைத் திறந்துகொண்டு வந்தவன், தம்பியின் கையில் சங்கிலியைப் பார்த்தான்.

"நீயாடா?"

அவ்வளவுதான் கேட்டான். திட்டியிருந்தால் தினேஸ் காலில் விழுந்திருப்பான். திட்டாததுதான் தாங்க முடியவில்லை. தள்ளினான். பிடரி அலுமாரி மூலையில் பட்டு, அண்ணன் நிலத்தில் சரிந்தான். செத்துப்போகவில்லை. கண்ணைத் திறந்து, பேச வாயெடுத்தான். தன் பெயர் சொல்லிக் கத்திவிடுவானோ என்ற பயத்தில் தினேஸ் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினான். அடங்கும்வரை பொத்தினான். அடிபட்டுச் செத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். பிள்ளையில்லாத அண்ணனுக்கு மஹய்யாவ மயானத்தில் கொள்ளி வைத்தவனும் அவனேதான். நல்ல தம்பி என்று சனம் அழுதது.

சென்சர் மாட்டிய பிறகு வந்த நாட்களில் அவன் அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. காரியத்துக்குச் சாமான் வாங்க, பந்தல் கட்ட, கதிரை இரவல் கேட்க என்று அண்ணி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவன் வந்து உட்கார்ந்தால் தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போய்விடுவாள். அவன் கதிரையில் தனியாக இருப்பான். மாத்தளை ரயில் கீழே இரைந்து போகும், ஓட்டிலிருந்து பனித்தண்ணீர் சொட்டும், எங்கோ ஒரு வீட்டில் தேங்காய் துருவுவார்கள். அவன் விரல்கூட அசைக்காமல், மூச்சைப் பிடித்தபடி சென்சரையே பார்த்துக்கொண்டிருப்பான். முதலில் அது அணைந்திருக்கும். பிறகு தைல வாடை வரும். விளக்கு எரியும்.

பதினாறாம் நாள் வந்தது. பகல் முழுக்க மழை. பின்னேரத்துக்குள் இருட்டிவிட்டது.

படையலில் அண்ணனுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. குவியலாகச் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு கிளாஸ் சாராயம், பீடிக்கட்டு. படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் வைத்து, கொள்ளி வைத்தவன் என்று தினேஸையே கற்பூரம் காட்டச் சொன்னாள் அத்தை. அவன் படத்தை நிமிர்ந்து பார்க்காததைக் கண்டு அழுகிறான் என்று நினைத்துத் தட்டிக் கொடுத்தாள். முறைப்படி இனி எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். செத்தவர் தனியாக வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் திறக்கக்கூடாது.

நிலூஷா கடைசியாக வெளியே வந்தாள். கழுத்திலிருந்த ரிமோட்டை எடுத்து அமுக்கினாள்.

"படையல் வீட்டுக்குக் கள்ளன் வருவானா அண்ணி?"

"ஒருக்கா வந்தானே," என்றாள்.

சொந்தக்காரர்கள் விறாந்தையிலும் படிக்கட்டிலும் குடையோடு நெருக்கியடித்து நின்றார்கள். மழை பந்தல் தகரத்தில் கொட்டியது. ஈரச் சாரியும் ஊதுபத்தியும் கருவாடும் கலந்து மணத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தினேஸ் மனதுக்குள் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டான். இது மட்டும் முடியட்டும். நகையை உண்டியலில் போட்டுவிடுகிறேன். இது மட்டும்.

சைரன் அடித்தது.

படிக்கட்டில் நின்ற பிள்ளைகள் வீரிட்டன. விட்டு விட்டு அலறும் சத்தம். அலறும், ஒரு மூச்சு நிற்கும், மறுபடி அலறும். அங்கம்மா அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள்.

"வந்துட்டான்! எம் புள்ள வந்துட்டான்! கதவத் தொறக்காதீங்க, சாப்புடட்டும். சாப்புட்டு முடிச்சதும் நான் கேக்குறேன், எவன்டா ஒன்னைய அடிச்சவன்னு. எம் வாயால சொல்லாம போக மாட்டான்!"

அவள் உடம்பு ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருந்தது. புசல்லாவையில் அவள் வாயால் செத்தவர்கள் பேசியதைக் கேட்டவர்கள் அந்தப் படிக்கட்டில் பாதிப்பேர். எல்லோரும் நம்பிவிடுவார்கள். அவள் வாய் அந்தப் பெயரைச் சொல்லுமுன் சைரனை நிறுத்தியாக வேண்டும். பழுதான சாமான் என்று காட்டியாக வேண்டும்.

"பூனையா இருக்கும் அத்தை! இல்லாட்டி விளக்குச் சூடு! அண்ணி, ரிமோட்ட அமுக்குங்க!"

"அமுக்கிப் பாத்துட்டேன் தம்பி. நிக்குது இல்ல." அவள் விரல் ரிமோட்டின் மேலே இருக்கவே இல்லை. அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் அவன் மூளையில் ஏறவில்லை. "நீங்க மாட்டினதுதானே. நீங்களே போய் நிப்பாட்டுங்க."

படையல் கதவைத் திறக்கப் போகிறவனைத் தடுக்க நாலு கை நீண்டது. அவன் தட்டிவிட்டு உள்ளே போனான்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளிக்கொண்டி விழுந்தது.

உள்ளே விளக்கு ஆடாமல் எரிந்தது. பூனை இல்லை. சத்தம் காதைப் பிளந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே தடவிப் பெட்டியைப் பிடித்தான். கரண்ட் வயரைப் பிடுங்கினான். சைரன் நிற்கவில்லை. பின்மூடியைக் கழற்றி பெட்டரியையும் உருவி எடுத்தான். வெறும் பெட்டி அவன் கையில் இருந்தது.

அது அலறிக்கொண்டே இருந்தது.

தைல வாடை.

மெதுவாகத் திரும்பினான். இலையில் சோற்றுக் குவியலின் ஒரு பக்கம் குழிந்திருந்தது. குழம்பு விட்டுப் பிசைந்த சோறு. பிசைந்த விரல்களின் தடம். முட்டை பாதியாகப் பிட்டுக் கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோறு இன்னொரு தரம் அமுங்கியது.

குசினிப் பின்கதவுக்குப் போக இலையைத் தாண்ட வேண்டும்; முன்கதவுக்குப் பாய்ந்தான். இழுத்தான். அசையவில்லை. "அண்ணி!" என்று கத்தினான். சைரன் அந்தச் சொல்லை அப்படியே விழுங்கியது. அடித்தான், உதைத்தான், கத்தினான். சைரன் மூச்சு விட்ட இடைவெளியில் அத்தையின் குரல் கேட்டது.

"உள்ள தினேஸா கத்துறான்?"

அண்ணியின் குரலும் கேட்டது. அமைதியாக. கதவோடு வாயை வைத்து, அவனுக்கும் கேட்கிற மாதிரி.

"சைரன்தான் அத்தை. தொறக்காதீங்க. ரெண்டு பேரும் சாப்புட்டு முடிக்கட்டும்."

தினேஸ் கதவில் இன்னொரு தரம் குத்தினான். யாரும் பிடித்து இழுக்கவில்லை. ஆனாலும் அவன் இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். பிடரியில் ஈரமாக ஒரு கை. அசையாத, பாரமான கை. சின்ன வயதில் சாப்பிட மறுத்தால் அண்ணன் இப்படித்தான் தலையைப் பிடிப்பான்.

இலையில் சோறு உருண்டது. கவளமானது. எழும்பியது.

வாயை இறுக மூடினான். பல்லைக் கடித்தான். மூக்கை எதுவோ பொத்தியது. குளிர்ந்த உள்ளங்கை. மூச்சு இல்லை. இல்லை. வாய் திறந்தது.

முதல் கவளம் உள்ளே போனது. மெல்ல விடவில்லை. விழுங்க விடவில்லை. இரண்டாவது கவளம் அதன் மேலே ஏறியது. பிறகு மூன்றாவது. அழுத்தி, விரல் விட்டு அடைத்து, தொண்டை வரை. காதோரத்தில் தைல மூச்சு பொறுமையாகப் பட்டது. சைரன் ஊருக்கே கேட்க அலறியது.

இலையில் இன்னும் நிறையச் சோறு இருந்தது.