சிவப்புக் காருக்குள் ஓர் அக்கறை

காலையில் காதுக்கருவியை மாட்டினால், மாலையில் கழற்றும் வரை கவிநயா சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். "மன்னிக்கவும், உங்கள் மேல் ஓர் அக்கறை உள்ளது." கோயம்புத்தூரில் ஓடும் தானோட்டி வண்டிகளில் உட்கார்ந்துகொண்டு யாராவது ஆத்திரத்தில் உதவிப் பொத்தானைக் குத்தினால், அந்த ஆத்திரம் நேராக அவள் காதில் வந்து விழும். அதற்குத்தான் சம்பளம்.

அன்றைக்கு முதலில் வந்தவர் ஒரு பிரியாணிப் பிரியர்.

"ஏனுங்க, கடை பேரைச் சொல்லித்தான் ஏறுனேன். கடையைத் தாண்டித் தாண்டிப் போயிட்டே இருக்குது உங்க வண்டி. நிறுத்தச் சொன்னா ஜூஸ் கடையில நிறுத்துது."

"மன்னிக்கவும், உங்கள் மேல் ஓர் அக்கறை உள்ளது."

"யாரு வெச்சது? எம் பொண்டாட்டியா, எந் தம்பியா?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்க."

அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கவிநயா அதை முழுதாகக் கேட்டுக்கொண்டாள். அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள், இன்னும் கொஞ்சம் சேர்த்து.

அக்கறைச் சட்டம் வந்தபோது கைதட்டாத ஆள் இல்லை. கணவன், மனைவி, பெற்றவர், பிள்ளை, கூடப் பிறந்தவர் யார் வேண்டுமானாலும் உங்கள் பேரில் ஓர் அக்கறையைப் பதியலாம். அதன் பிறகு மூளையுள்ள எந்த இயந்திரமும் உங்கள் பேச்சுக்கு முன்னால் அந்த அக்கறையின் பேச்சைக் கேட்கும். பதிந்தது யார் என்று மட்டும் வெளியே வராது. குடும்பத்தில் சண்டை வரக் கூடாதாம். என்ன ஒரு யோசனை! யாரோடு சண்டை போடுவது என்று தெரியாததால் எல்லாரோடும் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே குடும்பம் நடத்தலாம்.

கவிநயா வீட்டு வெந்நீர்க் கருவி அவள் எவ்வளவு திருகினாலும் வெதுவெதுப்புக்கு மேல் போகாது. மழை தூறினால் மொட்டை மாடிக் கதவு அவளுக்குத் திறக்காது. அலுவலகம் போக ஏறும் தானோட்டி, குறுக்கு வழியை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் போகும். யார் வைத்த அக்கறைகளோ. பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டாள்.

அதனால்தான் அவளுக்கு மூளையில்லாத ஒரு வண்டி வேண்டியிருந்தது.

அவள் லைசென்ஸ் வாங்கிய வருஷமே கையோட்டத் தடையும் வந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிய சில மாதங்கள் அவள் உள்ளங்கையில் அப்படியே தங்கிவிட்டன. சட்டத்தில் ஒரு சின்னச் சந்து மிச்சம் இருந்தது. மூளைச் சில்லு பொருத்தும் காலத்துக்கு முன்னால் செய்த கார்களுக்கு மரபூர்தி உரிமம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆழியாறு மலைப்பாதைக்குக் கையால் ஓட்டிப் போய் வரலாம், மற்ற நாளில் சொந்தத் தெருவுக்குள் மட்டும். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

பீளமேட்டில் பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் ஜெரோமின் கொட்டகையில் அது நின்றது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை. அவள் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்னால் ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். வாழ்க்கையில் அவள் வாங்கப்போகும் முதல் கார்.

"பெயிண்ட்டைப் பாருங்க்கா, கண்ணாடியாட்டம் இருக்குது" என்றான் ஜெரோம்.

"பெயிண்ட் கிடக்கட்டும். டைமிங் பெல்ட் எப்ப மாத்துனது?"

"வண்டி ஓடவே இல்லீங்க்கா. புதுசாட்டத்தான் இருக்கும்."

"ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகும் ஜெரோம். கத வுடாதீங்க."

ஜெரோம் சிரித்துவிட்டான். இந்த அம்மாவிடம் பருப்பு வேகாது என்று தெரிந்துபோனது.

கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்வதுபோல அவள் திட்டம் போட்டாள். முதலில் டைமிங் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் இன்ஜினே போச்சு. அதைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதே வேலையை மறுபடியும் செய்யணும். அப்புறம் பிரேக் ஆயில். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிடும், மலை இறக்கத்தில் சூடானால் பிரேக் மிதித்தும் பிடிக்காது. ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், நின்றே வெடிப்பு விட்ட டயர்கள். கிழிந்த சீட்டும் ஓட்டைக் கூரையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நனைந்தால் நனையட்டும், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கணும்.

இரண்டு மாதம் விடுமுறை நாளெல்லாம் கொட்டகையில்தான் கிடந்தாள். நகக்கண்ணில் கிரீஸ் ஏறிப்போய் சோப்புக்கு மசியவில்லை. அவள் கணவர் நித்திலன் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வந்து, அவள் காருக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தபடி நிற்பார். அதிகம் பேச மாட்டார். எல்லா வேலையும் முடிந்த அன்று கொட்டகை முற்றத்தில் அவள் காரை வட்டம் வட்டமாக ஓட்டினாள். திருப்பினால் திரும்பியது, மிதித்தால் நின்றது. அவ்வளவுதான் விஷயம். அதற்கே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நித்திலனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, ஜெரோமின் சுமைவண்டி காரைக் கொண்டுவந்து அவள் தெருப் பிள்ளையார் கோயில் முன்னால் இறக்கியது. பூசாரி மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். பூஜை போட்ட வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஆனால் தானோட்டிகள் எலுமிச்சம்பழத்தைத் தடை என்று எண்ணி நின்றுவிடும். அதனால் இப்போதெல்லாம் பூசாரியே ஒரு கல்லால் தட்டி நசுக்கிவிடுவது ஊர் வழக்கமாகிவிட்டது.

"கல்லை எடுக்கட்டுங்களா அம்மணி?"

"வேண்டாம் சாமி. இது நசுக்கும்."

தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, மெல்ல விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. கை மறந்துவிட்டதோ என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அணைந்தது. யாரோ ஒரு பொடிசு கெக்கலி கொட்டியது.

பின்னால் நின்ற பூசாரி குனிந்து பார்த்தார். "பிரேக்கிலிருந்து காலை எடுங்க அம்மணி. பின்னாடி சிவப்பு லைட் எரியுதுங்."

கவிநயா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இடது கால் கிளட்சில். வலது கால் ஆக்ஸிலரேட்டரில். பிரேக்கில் யார் காலும் இல்லை.

பூசாரியிடம் பழங்களை எடுக்கச் சொல்லிவிட்டு, மாலையோடும் சந்தனத்தோடும் காரை ஆள் வைத்துத் தள்ளி வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். கார் கதவைத் திறந்து, தரையில் மல்லாந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் விளக்கை அடித்துப் பார்த்தாள். அங்கே ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது, சோப்புக்கட்டி அளவுக்கு. புது வயர்கள் பிரேக்குக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் ஓடின. ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் அவள் கை படாத திருகு அந்தக் காரில் இல்லை. இது அவள் கை வைத்ததல்ல.

ஜெரோமைக் கூப்பிட்டாள். குரல் அவளுக்கே அடங்கவில்லை.

"என் காருக்குள்ள என்னடா வெச்சிருக்கே?"

ஜெரோம் மெதுவாகச் சொன்னான். "உங்க மேல ஓர் அக்கறை வந்துச்சுங்க்கா. காரை வெளிய விடறதுக்கு முந்தி காப்புப் பெட்டி வெச்சே ஆகோணும்னு சட்டம். தெரியாத மாதிரி வைக்கச் சொல்லி உத்தரவுங்க. நீங்க ஓட்டறாப்பலயே இருக்கும், ஆனா அதுதான் ஓட்டும்."

"யாரு வெச்சது?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லீங்க்கா."

தினமும் அவள் வாயால் சொல்கிற வாக்கியம். கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. வயர் வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது ஜெரோமுக்குக் காதிலேயே தெரிந்திருக்க வேண்டும். "வெட்டிராதீங்க்கா. வெட்டுனா உரிமம் போயிரும், காரை நொறுக்கறதுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. வெச்சவங்களே எடுத்தாத்தான் உண்டு."

அவள் போனைத் தூக்கி எறிந்தாள். யாராக இருக்கும்? ஓசூரில் இருக்கும் மகனா? அக்காவா? ஒவ்வொரு முகமாக நினைத்து ஒவ்வொருவரையும் மனசுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"நான்தான் வெச்சேன்" என்றார் நித்திலன்.

கவிநயா தரையிலிருந்து எழுந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு மாசம் சோத்துப் போசியத் தூக்கிட்டு வந்து பக்கத்துல நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ கேப்பியா?"

"கேக்க மாட்டேன். அதுக்குத்தான் சொல்லோணும்."

"அந்த மலையில கொண்டை ஊசி ஒண்ணா ரெண்டா? நீ மேல போனா நான் ஊட்ல உக்காந்து என்ன பண்றது கவி?"

"பயப்படுங்க. உக்காந்து நல்லாப் பயப்படுங்க. அதை நீங்க பண்ணுங்க, காரை நான் ஓட்டறேன். பொம்மை ஸ்டியரிங்கைத் திருப்பிட்டு நான் ஓட்டுறேன் நான் ஓட்டுறேன்னு சாகற வரைக்கும் பல்லைக் காட்டிட்டு இருந்திருப்பேன். அதைப் பாத்து நீங்க சிரிச்சிருப்பீங்களா?"

நித்திலன் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான். எடுத்தர்றேன்" என்றார். வீட்டுக்குள் போகத் திரும்பியவர் நின்றார். "நீயும் எடுத்துரு."

"நான் எதை எடுக்கறது?"

"சைக்கிள்."

அந்தக் கொட்டகையின் மூலையில் அவருடைய சைக்கிள் தூசி படிந்து நின்றது. விடிந்ததும் சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பறவை பார்க்கப் போவதற்காக வாங்கியது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அதன் பூட்டு அவர் விரலுக்குத் திறக்கவில்லை. சில நாள் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மகன்தான் என்று அவர் நினைத்திருப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

"அது வேற, இது வேற" என்றாள் கவிநயா. "உங்க நெஞ்சுக்குள்ள கம்பி வெச்சிருக்குது."

"ஓட்டலாம், ஓட்டுனா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. நீ பக்கத்துலதான் நின்னே." அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. இப்போது உயர்ந்தது. "இந்தக் காருக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. பெல்ட்டு மாத்துனே, ஆயில் மாத்துனே, டயர் மாத்துனே. எதுக்கு? ஓடோணும்னுதானே. ஓடுனா ஒடைஞ்சு போயிரும்னு பூட்டியா வெச்சே? எனக்கு மட்டும் பூட்டு. நான் கார் அளவுக்குக்கூடவா இல்லாம போயிட்டேன்?"

அவளுக்கு மூச்சே கோபமாக வந்தது. அவர்மேல் பாதி, அவர் சொல்வது சரியாக இருக்கிறதே என்று மீதி. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கூடத்துச் சுவரில் அக்கறை பதியவும் எடுக்கவும் இருந்த பலகைமுன் போய்க் கட்டைவிரலை வைத்தார். காருக்குள் பச்சை விளக்கு அணைந்தது. அவர் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. எடுத்தாளா என்று பார்க்கவும் நிற்கவில்லை. தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

கவிநயா உள்ளே போய்ப் பலகைமுன் தனியாக நின்றாள். கார் இனி அவளுடையது. இவள் விரல் வைக்காமல் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை, சட்டமே மறைத்துக்கொள்ளும். அவர் மெயின் ரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதும், சைக்கிள் சக்கரம் தனியாகச் சுற்றுவதும் அவள் கண்முன் வந்தன. விரலை வைக்கப் போனாள், இழுத்துக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தபோது வராத பயம் இப்போது வந்தது. "நாசமாப் போற சட்டம்" என்று வாய்விட்டுத் திட்டினாள். அவரைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே விரலை அழுத்தினாள். கொட்டகையில் பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் காரைக் கிளப்பினாள். பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்தாள், அவள் காலுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. நித்திலன் சைக்கிளுக்குக் காற்றடித்து, துணியால் சீட்டைத் துடைத்து, வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். அவர் இடது பக்கம் போக வேண்டும், அவள் வலது பக்கம். பெடலை ஓங்கி மிதித்து அவர் கிளம்பியபோது சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடியது. எதிரே ஒரு தானோட்டி வந்துகொண்டிருந்தது.

கவிநயாவுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். தினமும் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர அவளுக்கு எதுவும் அகப்படவில்லை. தொண்டைக்குள் துழாவி, யாரும் யாரிடமும் சொல்லத் தேவையில்லாமல் போய் எத்தனையோ காலமான இரண்டு வார்த்தைகளைப் பிடித்து இழுத்தாள். திட்டுகிற குரலில்தான் அது வந்தது.

"பாத்துப் போங்க."

அவர் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.