நாலாவது டேங்க்கைத் திறங்க, மேடம்

போன் அடித்தது.

காலை ஒன்பது மணி பத்து நிமிடம்.

ஜெசிந்தா எடுத்தாள். மைசூரின் அந்தப் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்கு அவள்தான் பாதுகாப்பு அதிகாரி. ஆய்வகங்கள் நூற்று நாற்பது. அவற்றைச் சோதிக்க அதிகாரி ஒருத்தி. அவள் உட்கார நாற்காலி ஒன்று. அதிலும் ஒரு கால் ஆட்டம்.

"மேடம், காளியப்பன் பேசறேன். கணபதிராமன் சார் லேப்ல டெக்னீஷியன்."

"சொல்லுங்க."

"ஆடிட்டுக்கு எங்க லேப்புக்கு வந்தா, நாலாவது நைட்ரஜன் டேங்க்கைத் திறங்க மேடம். மத்ததெல்லாம் அப்புறம்…"

"அதுல என்ன இருக்கு?"

"போன்ல வேண்டாம். பதினோரு மணிக்கு நேர்ல வரேன். சார்கிட்டயும் நேத்தே சொல்லிட்டேன். நீங்களே ஒத்துக்குங்க, இல்லேன்னா நான் சொல்லிடுவேன்னு."

நல்லவன். கொலைகாரனுக்கே நோட்டீஸ் கொடுத்த நல்லவன்.

பதினோரு மணிக்கு அவன் வரவில்லை.

பத்தே காலுக்கே செத்துப் போயிருந்தான்.

அடித்தளத்தில் இருந்தது அந்த அறை. திரவ நைட்ரஜன் டேங்க்குகள் ஐந்து. நைட்ரஜன் கசிந்தால் அறையில் இருக்கும் பிராணவாயுவை விரட்டிவிடும். வாசனை கிடையாது. இரண்டு மூச்சு… ஆள் விழுந்துவிடுவான். அதற்காகத்தான் சுவரில் ஓர் அலாரம்.

அன்று அது கத்தவில்லை. அதற்குள் பேட்டரியே இல்லை.

தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு காளியப்பனை இழுத்து வந்தார்கள். அறை வாசலில் உட்காரும் செக்யூரிட்டி மாதேவியின் மேஜையில் அவனுடைய டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. அழுதாள்.

ரிஜிஸ்ட்ரார் குருபிரசாத் அழவில்லை. டைப் அடிக்கச் சொன்னார். ஜெசிந்தாவின் ஆடிட் திட்டத்தை எட்டு மாதம் மேஜையில் போட்டு வைத்திருந்த மனிதர், அவளை சஸ்பெண்ட் செய்யும் கடிதத்தைப் பன்னிரண்டே நிமிடத்தில் தயார் செய்தார். மூன்று மணிக்குக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. ஒரு பலி வேண்டும். இங்கே நாற்காலி ஆடுகிறவர்தான் எப்போதும் பலி.

இன்ஸ்பெக்டர் சித்தையன் வந்தார். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர்; பேச்சில் கொங்குத் தமிழ்.

"அம்மிணி, இது ஆக்சிடென்ட்டுங்களா?"

"ரூம்ல பேட்டரி கெடச்சுதா சார்?"

"இல்லீங். மூலை முடுக்கெல்லாம் தேடியாச்சு. செத்தவன் பாக்கெட்டுலயும் இல்லீங்."

"மாதேவி ரெஜிஸ்டர்ல யார் யார் பேரு?"

"ரெண்டே பேருதானுங். புரொபஸர் ஒம்பதே முப்பத்தஞ்சுக்கு உள்ள, ஒம்பதே முக்காலுக்கு வெளிய. காளியப்பன் ஒம்பதே அம்பதுக்கு உள்ள. அவன் வெளிய வரல…"

காலையில் வந்த போனைப் பற்றி ஜெசிந்தா அவரிடம் சொன்னாள். யோசித்தாள். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் இதே வேலை பார்த்தவள். அங்கே எட்டாவது படித்தவன்கூட ஷூ இல்லாமல் மெஷினைத் தொடமாட்டான். இங்கே டாக்டர் பட்டங்கள் ஹவாய் செருப்போடு ஆசிட் ஊற்றின.

"பேட்டரி போய் ஒரு மாசம் ஆச்சுன்னு புரொபஸர் சொல்லிட்டா?"

"அப்ப வெறும் அஜாக்கிரதைக் கேஸுதானுங். சாயங்காலமே ஜாமீன்ல வந்துருவாரு."

"அப்ப அவரு வாயாலயே சொல்ல வைக்கணும், அல்வா?" 'இல்லையா' என்பதற்கு மைசூர்க் கன்னடம் அவள் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கிளம்பினார்கள்.

புரொபஸர் கணபதிராமன் அறையில் ஏ.சி. சுவரில் பதினேழு விருதுகள். மேஜையில் காபி. டெக்னீஷியன் செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் காபியில் சர்க்கரை குறைவென்று அட்டெண்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ இன்ஸ்பெக்டர். பாவம் அந்தப் பையன். சொன்னா கேக்கமாட்டான். இதோ இந்த அம்மா ஆடிட்னு பேப்பரா குடுத்துண்டே இருந்தா. பிரயோஜனம்?"

"அதுக்குத்தான் சார் வந்தேன்" என்றாள் ஜெசிந்தா. "உங்க லேப்போட பாதுகாப்பு மார்க்கைக் கொறைக்கணும்."

காபி பாதியில் நின்றது.

"நூத்துக்கு நூறு போட்டிருக்கே?"

"அது நீங்களே உங்களுக்குப் போட்டுக்கிட்டது சார். அலாரத்தை ரொம்ப நாளா யாரும் சோதிக்கல போல. இருபது மார்க் போகும். எண்பது."

"சரி… எண்பதுன்னா என்ன இப்போ?"

"தொண்ணூறுக்குக் கீழ போனா அன்னைக்கே எல்லா டேங்க்கையும் திறக்கணும். உள்ள இருக்கற ஒவ்வொரு குப்பியையும் ரெஜிஸ்டரோட ஒப்பிடணும். விதி நாற்பத்தொண்ணு."

புரொபஸர் காபியைக் கீழே வைத்தார்.

"அப்படி ஒரு விதி…"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நீங்க கமிட்டி மெம்பர். ஆடிட் திட்டத்துல பக்கத்துக்குப் பக்கம் உங்க கையெழுத்து இருக்கு. படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"



படிக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால், பதினேழு விருதுகள் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தனவே?

"படிக்காமயா? அந்த விதியைப் போடச் சொன்னதே நான்தான்!"

சித்தையன் மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்தார்.

"அப்ப ஒரு மணிக்கு டேங்க்கைத் திறந்துடறேன் சார்."

"இருங்கோ. அலாரத்தைச் சோதிக்கலைன்னு உங்களுக்கு யார் சொன்னா? இன்னிக்குக் காலம்பற ஒன்பது நாற்பதுக்கு நானே பட்டனை அமுக்கினேன். நன்னா கத்தித்து."

"உள்ள பேட்டரி இருந்துச்சா சார்?"

"பேட்டரி இல்லாம எப்படிம்மா கத்தும்? ஃபேக்டரிலேர்ந்து வந்தவாளுக்கு இதுகூடவா சொல்லிக் கொடுக்கணும்? எழுதிக்கோங்கோ. நூறு நூறாவே இருக்கட்டும்."

ஜெசிந்தா எழுதினாள். நீட்டினாள். அவர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சித்தையன் அந்தத் தாளை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"ஒம்பது நாப்பதுக்குப் பேட்டரி உள்ள இருந்துதுங். பத்தே காலுக்கு இல்லீங். ரூம்லயும் இல்ல, செத்தவன்கிட்டயும் இல்ல. நடுவுல அந்த ரூம விட்டு வெளிய வந்தது ஒரே ஒரு ஆளுதானுங்க சார்."

புரொபஸர் எழுந்தார். உட்கார்ந்தார்.

"இல்ல… அது பழைய பேட்டரி… போன வாரமே நான்…"

"இன்னைக்குக் கத்துச்சுன்னு இப்பத்தானுங்களே கையெழுத்துப் போட்டீங்க? பாக்கெட்ட ஒருக்கா காட்டுங்க."

கூட வந்த கான்ஸ்டபிள் அவர் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டார். ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி வந்தது. ஒரு பேட்டரியைத் தூக்கிப் போடக்கூட அவருக்கு அட்டெண்டர் வேண்டும்.

பிறகு எல்லாம் கொட்டியது. அலாரத்தின் பேட்டரியை உருவி, கேஸ் வால்வைத் திறந்துவிட்டு, காளியப்பனைக் கூப்பிட்டு 'உள்ளே போய் லெவல் பார்த்துவிட்டு வா' என்று அனுப்பியிருக்கிறார். அவனும் போயிருக்கிறான். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னால் போகத்தானே வேண்டும்?

நாலாவது டேங்க்கைத் திறந்தார்கள். நானூறு குப்பிகள். மூன்று வருட ஆராய்ச்சி. ஒன்பது விருதுகளுக்குக் காரணமான அபூர்வ செல்கள்.

அத்தனையும் காலி. ஒன்றில்கூட ஒரு சொட்டு இல்லை.

ஜெசிந்தா பல்லைக் கடித்தாள். இந்த ஒன்றுமில்லாததைக் காப்பாற்றத்தான் ஓர் உயிர் போயிருந்தது.

ரிஜிஸ்ட்ரார் ஓடி வந்தார். கையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

"ஜெசிந்தா, உங்களுக்குப் புது நாற்காலி சாங்ஷன் பண்ணிட்டேன்."

"மொதல்ல அந்த ரூமுக்குப் பேட்டரியை உருவ முடியாத அலாரம் சாங்ஷன் பண்ணுங்க சார்" என்றாள். அவர் அந்த இடத்தில் நிற்கவில்லை.

வாசலில் ஜீப். புரொபஸரின் கையில் விலங்கு. ஏறும்போது திரும்பினார்.

"என் வக்கீல் உங்களை விடமாட்டார். அந்த விதி நாற்பத்தொண்ணு… அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல சார். மொத்தமே முப்பத்தெட்டு விதிதான்."

கான்ஸ்டபிள் புரொபஸரை உள்ளே தள்ளி உட்கார வைத்தார்.

"ஆனா அதைப் போடச் சொன்னது நீங்கதான்னு சொன்னீங்களே…" ஜெசிந்தா ஜீப் கதவைச் சாத்தினாள். "நாளைக்கே சேர்த்துடறேன். ஜெயிலுக்கு அனுப்பறேன்… இந்தத் தடவையாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க!"