மூன்று முறை கூப்பிட்டால்

நான்கு நிமிடத்தில் முடிய வேண்டிய பதிவு, ஆறாவது நிமிடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியான வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி அவள் மேசைவரை வந்திருந்தது. சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி வாசனை, மின்விசிறியின் ஒரே சீரான கறகறப்பு, கூடத்தில் தூங்கும் அம்மாவின் மெல்லிய குறட்டை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. என்றைக்கோ இழுத்து மூடப்பட்ட ஒரு கம்பெனியின் புதிர் விளையாட்டை, அதன்மேல் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் மறுபடி செய்துகொண்டிருந்தார்கள். சோதனை அவள் பொறுப்பு. பதிவு என்றால் படமல்ல. ஆடியவர் எந்த நொடியில் எந்த விசையைத் தட்டினார் என்ற விவரம் மட்டும். பழைய பதிப்பில் ஆடிய பதிவைப் புதிய பதிப்பில் ஓட்டினாலும் லெவல் அதேபோல முடிய வேண்டும். இருநூற்றுப் பதினொன்று முடிந்துவிட்டன. இது ஒன்றுதான் சண்டித்தனம் செய்தது.

வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிடும் புரோகிராமருக்குப் போன் செய்தாள்.

"சார், ஒரு பதிவு மட்டும் முடியவே மாட்டேங்குது."

"யாரு ஆடினது?"

"அண்ணனும் நானும். அன்னைக்கு ஆடினது."

"விட்டுடும்மா. ஒரு பதிவு ஒத்துவரலன்னா குடியா முழுகிடப்போகுது?"

"காரணத்தைப் பார்த்துட்டு வச்சிடறேன் சார்."

காரணம் அவளே போட்ட விதிதான். குட்டை என்ற பொம்மை சுவிட்சை மிதித்து நின்றால் கதவு திறக்கும். நெட்டை அதன் வழியாக ஓட வேண்டும். குட்டை அண்ணன், நெட்டை அவள். கூப்பிடும் விசையைத் தட்டினால் குட்டை 'டொக்' என்று ஒலி எழுப்பும். அண்ணனுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது, தட்டிக்கொண்டே இருப்பான். மூன்று முறை கூப்பிட்டும் நெட்டை வராவிட்டால் குட்டையே ஒரு கட்டம் தேடிப் போகட்டும் என்று அவள்தான் யோசனை சொல்லியிருந்தாள். அதனால் புதிய பதிப்பில் குட்டை சுவிட்சைவிட்டு நகர்ந்தது. கதவு மூடியது. லெவல் முடியவில்லை. பழைய பதிப்பில் லெவல் முடிந்ததும் நின்றுவிடும் பதிவு, இங்கே மேலே ஓடியது.

மேலே ஓட அதில் என்ன இருக்கிறது? மொத்த நீளத்தைப் பார்த்தாள். நாற்பத்தைந்து நிமிடம். லெவல் முடிந்த பிறகும் தட்டிய விசைகள் பதிவாகியிருந்தன.

டொக். டொக். டொக். குட்டை ஒரு கட்டம் நகர்ந்தது.

அன்றைக்கு லெவல் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தாள். பக்கத்து அறையில், சுவருக்கு அந்தப்புறம், அண்ணனின் ஸ்பீக்கரில் இதே சத்தம். இன்னொரு ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, சுவரில் ஓங்கித் தட்டினாள். "சும்மா கிடண்ணே, மனுஷி தூங்க வேணாமா" என்றாள். ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு பாட்டுப் போட்டாள்.

சாயங்காலம் அம்மாதான் அண்ணனின் அறைக் கதவைத் திறந்தாள். மேசைமேல் தலை, விசைப்பலகைமேல் கை.

"உடனே போயிருப்பார். வலியே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். மூன்று மாதமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவள் அம்மாவைத் தூங்கவைக்கிறாள். தானும் தூங்குகிறாள்.

டொக். டொக். டொக்.

வேகமாக ஓட்டும் பொத்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

பத்தாவது நிமிடத்தில் தட்டல்களுக்கிடையே இடைவெளி கூடியது. இருபதாவது நிமிடத்தில் வேறு விசைகளும் கலந்தன, விரல் வழுக்கியதுபோல. பிறகு மீண்டும் கூப்பிடும் விசை. தேடிக் கண்டுபிடித்து அழுத்தியிருக்கிறான். உடனே போகவில்லை. நாற்பத்தொரு நிமிடம். கையெட்டும் தூரத்தில் அவள். பாட்டுக் கேட்டுக்கொண்டு.

நெட்டை அசையவே இல்லை.

ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு கட்டம். மூடிய கதவை ஒட்டிக் குட்டை வந்து நின்றபோது பதிவு முடிந்தது. திரை உறைந்தது. அவள் கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தாள்.

வெயில். மின்விசிறி. குறட்டை.

டொக்.

சுவருக்கு அந்தப்புறம்.

அந்த அறையில் கம்ப்யூட்டர் இல்லை. காரியம் முடிந்த மறுவாரமே கொடுத்தாயிற்று. நாற்காலி மட்டும் இருக்கிறது. வெளியே பூட்டு. சாவி அவள் இழுப்பறையில்.

டொக். டொக்.

அவள் எழுந்து போகவில்லை. கை தானாகப் போய் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டது.

உள்ளே நாற்காலி பின்னால் நகரும் சத்தம், ஹெட்போனையும் மீறிக் கேட்டது.

டொக். டொக். டொக்.

கால் இழுபடும் சத்தம். பூட்டு தரையில் விழுந்தது. கூடத்தில் குறட்டை நின்றது.

"எழுந்துட்டியாப்பா?" என்றாள் அம்மா, தூக்கக் கலக்கத்தில், பிரியமாக. "தங்கச்சி அவ ரூம்லதான் இருக்கா. போ."

அவள் அறைக் கதவின் கீழ் இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது.

டொக்.

டொக்.