கோலம் இழுத்த கை

சாணம் தெளித்த வாசலின் ஈர மணத்தோடு, உள்ளே அணைக்காமல் விட்ட சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய் நெடியும் கலந்து வந்த அந்த விடியலில், அரிசி மாவை அள்ளிய கை தன் கை மாதிரி இல்லையே என்று பொன்னழகுக்கு ஒரு சின்ன உறுத்தல். காரைக்குடிக்கு ரயில் வந்த புதிது. ஆனாலும் நாச்சியாபுரத்து விடியலில் காக்கைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்போதுதான் திரும்பிய புருஷன் மலையாண்டி, காலில் முள் குத்திவிட்டதென்று சொல்லி உள்ளே படுத்திருந்தான்.

உள்ளேயிருந்து முனகல் கேட்டது. அரைக்கோலத்தில் எழுந்தால் வீட்டுக்கு ஆகாதே, முடித்துவிட்டே போவோம் என்று இருந்துவிட்டாள். பாழாய்ப்போன நினைப்பு.

"பொன்னழகு... முள்ளு இல்ல, பாம்பு. வைத்தியரக் கூப்புடு."

வைத்தியர் வீடு அடுத்த தெருவில்தான். அவள் எழுந்தாள், எழுந்ததாக நினைத்தாள். உடம்பு குனிந்தபடியே இருந்தது. விரல்கள் கொஞ்சமும் பதறாமல் மாவை இழுத்து, புள்ளியை வளைத்து, அடுத்த புள்ளிக்குப் போயின. கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

முந்தின நாள் பிச்சைக்கு வந்த பண்டாரம் சோற்றை வாங்கிக்கொண்டு, "இதப் போட்டது நீயா தாயி, உன் கையா?" என்று கேட்டிருந்தான். கிறுக்கன் என்று சிரித்தாள். சிரித்தது யார்? தாலிக்குக் கழுத்தை நீட்டியது யார்? யாரோ சாவி முடுக்கிய பாட்டுப்பெட்டியாய் எல்லாம் தானே நடக்க, நான்தான் வாழ்கிறேன் என்று உள்ளே வெறுமனே உட்கார்ந்திருந்தாளா இத்தனை காலமும்? அவளுக்குக் குலை நடுங்கியது. கை நடுங்கவில்லை.

முனகல் இழுத்தது. உள்ளே அவன் தொண்டையில் ஒரு கரகரப்பு. நின்றது.

கோலம் முடிந்தது.

ஊரணிக்குக் குடத்தோடு போன பக்கத்து வீட்டுச் சோணையம்மாள் வாசலில் நின்றாள். அக்கா, ஓடுங்க. வைத்தியரக் கூப்புடுங்க. பொன்னழகு உள்ளுக்குள் அலறினாள்.

"தம்பி இன்னும் எந்திரிக்கலையா?"

"இல்லக்கா, அசந்து உறங்குறாக" என்றது பொன்னழகின் வாய்.

சோணையம்மாள் தினமும் சிரிக்கும் அதே சிரிப்பைச் சிரித்தாள். உதடுகள் விரிந்தன. கன்னம் குழிந்தது. அதற்கு மேலே, இமைக்காத இரண்டு கண்களும் பிதுங்கி, நீர் தாரையாய்க் கொட்ட, என்னை வெளியே எடு என்று பொன்னழகைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தன.