தரைக்கு அடியில் போட்டது

குழந்தை துஷ்யா மறுபடியும் அதே இடத்தில்தான் குப்புறக் கிடந்தாள். குசினித் தரை முழுக்க விறைத்துக் கிடக்க, தரைக்கதவின் ஓரத்துப் பலகையில் கன்னத்தை வைத்து, கீழிருந்து யாரோ கதை சொல்வதைக் கேட்பவள்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். தக்சிலா மகளைத் தூக்கிக் கம்பளத்தில் விட்டாள். அவள் திரும்புவதற்குள் பிள்ளை அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தாள்.

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ட்வெய்ட்டா என்ற புறநகருக்கு மேலே அவர்கள் வாங்கிய பழைய மரவீடு அது. பலகைக்கும் மண்ணுக்கும் இடையில், ஆள் தவழ்ந்து போகுமளவுக்கு ஓர் இருட்டு வெளி. குளிர் அதற்குள்ளிருந்துதான் ஏறுகிறது. அதை அடைப்பதற்காகக் கணவன் ஜதுசன் கண்ணாடிப்பஞ்சு மூட்டைகளோடு வந்து தரைக்கதவைத் தூக்கினான்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு வேண்டாம்."

"ஏன், அடியிலை பேயே இருக்கு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்." சிரித்தபடியே நெற்றி விளக்கோடு உள்ளே ஊர்ந்துவிட்டான்.

அவனிடம் எப்படிச் சொல்வது? போன மாதம் பிள்ளைக்கு எந்த மருந்துக்கும் இறங்காத காய்ச்சல். அதே நகரத்து ரொம்மனில் இருக்கும் அக்கா புஷ்பராணி நீற்றுப்பூசணிக்காய் கொண்டுவந்து, பிள்ளையைச் சுற்றி, வெட்டிக் குங்குமம் தடவிக் கழிப்புக் கழித்தாள். பிள்ளையைப் பிடித்தது இதற்குள் இறங்கிவிட்டது, சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வா என்றாள். சந்தியிலோ பேருந்துக்கு நிற்கும் சனம். சிவப்பு வழியும் பூசணிக்காயோடு ஒரு தாயைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? வெட்கம். தக்சிலா தரைக்கதவைத் திறந்து கீழே போட்டுவிட்டாள். விடியக் காய்ச்சல் விட்டது. உண்மையில் அது வீட்டைவிட்டுப் போகவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் இறங்கியது, அவ்வளவுதான்.

கீழே முழங்கால்கள் மண்ணில் உராய்ந்தன. பஞ்சை அறுக்கும் கத்தியின் கரகரப்பு சுவரோரமாய் நகர்ந்து, அடுப்புக்கு அடியில் தேய்ந்து, மேசைக்கு அடியில் நின்றது. திறந்திருந்த தரைக்கதவு வழியே முதலில் ஈரமண் மணத்தது. பிறகு காய்ச்சல் மருந்தின் இனிப்பும், பிள்ளை சத்தி எடுத்த பாலின் புளிப்பும் மணத்தன. தக்சிலா மகளை இறுக்கி அணைத்தாள்.

"தக்சிலா, இஞ்சை ஏன் இப்பிடிச் சுடுது?"

அவள் பிள்ளையோடு ஓரடி பின்வாங்கினாள்.

"ஆர் பூசணிக்காய் போட்டது? இது அழுகேல்லை. பெருத்துப்போய்க் கிடக்கு. தக்சிலா... இது மூச்சு விடுது."

பிறகு அலறல்.

"காலைப் பிடிச்சிட்டுது! கையைத் தா!"

அவன் கை மேலே வந்து விளிம்பைப் பற்றியது. அதோடு அனலும் ஏறியது. அணைப்பில் இருந்த பிள்ளையின் நெற்றி கொதித்தது. கண் செருகியது. அந்த இரவைப்போலவே.

அவன் ஏறினால் அதுவும் ஏறும். பிள்ளைக்கே திரும்பும்.

பிள்ளையைத் தரையில் விட்டாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரல் லேசில் வரவில்லை. நெரித்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கதவைப் போட்டாள். மேசையை இழுத்து மேலே வைத்தாள். அதன்மேல் தானும் ஏறி உட்கார்ந்தாள்.

தட்டல். பிறாண்டல். அவள் பெயர். பிறகு ஒன்றுமில்லை.

இறங்கினாள். வெறும் பாதம் பட்ட இடமெல்லாம் வெதுவெதுப்பு. இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாகத் தரை சுட்டது. வெட்கமில்லாமல் அவளுக்கு அது இதமாக இருந்தது. அழுதாள்.

பிள்ளை பலகையில் கன்னம் வைத்துக் கிடந்தாள். தக்சிலா அவள் நெற்றியைத் தொட்டாள். குளிர்ச்சி. காய்ச்சல் விட்டுவிட்டது. தப்பிவிட்டாள்.

பலகை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. பிள்ளையின் முதுகும் கூடவே.

இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். உடம்பு வந்தது. கால்கள் வந்தன.

கன்னம் வரவில்லை. பலகையோடு இழுபட்டு, நீண்டு, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.